ரசத்துக்கு உரல், ஆம்லெட்டுக்கு மில்: மிளகை எதில் பொடிப்பது?

"வீட்டில் மிக்சி இருக்கிறது, இடி உரலும் இருக்கிறது. பெப்பர் மில் என்று தனியாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா? வாங்கினால் கையால் சுற்றுவதா, பேட்டரியில் ஓடுவதா?" சமையல் பற்றி எழுதுகிற யாரிடமும் வந்து சேருகிற கேள்வி இது. கேட்பவர்களில் பலர் ஆன்லைனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, பணம் கட்டும் இடத்தில் தயங்கி நிற்பவர்கள். தயங்குவதில் நியாயம் உண்டு. 200 ரூபாய்க்கும் மில் கிடைக்கிறது, 5,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெப்பர் மில் அடுப்படிச் சாமான் அல்ல, சாப்பாட்டு மேசைச் சாமான். வெந்து இறக்கிய பண்டத்தின் மேல் கடைசியாக மிளகு தூவ அதைவிட வசதியான கருவி கிடையாது. ரசத்துக்கும் மிளகுக் கோழிக்கும் அதையே நம்பினால் மணிக்கட்டு வலிதான் மிச்சம். ஆகவே எந்த மில் நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் மிளகு எந்தக் கட்டத்தில், எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். தேர்வு பாதி அங்கேயே முடிந்துவிடும்.

## எதையெல்லாம் வைத்துப் பார்ப்பது

முதலில் பதம். வெண்பொங்கலுக்கு மிளகை முழுசாகவோ ஒன்றிரண்டாக உடைத்தோ போடுகிறோம். ரசத்துக்குச் சீரகத்தோடு சேர்த்துத் தட்டுகிறோம். ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடைக்கு உடைத்த மிளகு வேண்டும். மிளகுக் குழம்புக்கு விழுதாகவே அரைபட வேண்டும். ஆஃப் பாயில் மேலே போடுவதற்கு மட்டும் மணல் மாதிரி சன்னமான பொடி. இத்தனை பதத்தையும் தரும் ஒரே கருவி இல்லை. இருக்கிறது என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது அளவு. ஒரு டீஸ்பூன் முழு மிளகு ஏறக்குறைய 3 கிராம் இருக்கும். நாலு பேர் சாப்பிடும் ரசத்துக்கு அது தாராளம். ஒரு ஆம்லெட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். மிளகு வறுவல் என்றால் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன். கருவிகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது மணம். மிளகில் காரமும் மணமும் வேறு வேறு சரக்கு. காரத்தைத் தருவது பைப்பரின். டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் 1819-இல் அதை மிளகிலிருந்து பிரித்தெடுத்தார். (மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியை அசைக்கும் என்று அடுத்த ஆண்டு காட்டியவரும் அவரேதான்.) பைப்பரின் எளிதில் ஆவியாகிப் போகாது. மணத்தைத் தருவது எண்ணெய்ச் சத்து. மிளகு முழுசாக இருக்கும்வரை அது உள்ளேயே அடங்கியிருக்கும், உடைத்ததும் காற்றோடு போகத் தொடங்கிவிடும். பழைய மிளகுப் பொடி நாக்கில் சுரீர் என்று உறைக்கிறது, மூக்குக்கு ஒன்றும் வருவதில்லை அல்லவா, காரணம் இதுதான். காரமும் நிரந்தரம் அல்ல. வெளிச்சம் பட்டால் பைப்பரின் உருமாறிக் காரத்தை இழக்கும். ஜன்னலோரத்தில் கண்ணாடிக் குப்பியில் மிளகுப் பொடி வைத்திருப்பவர்கள் இடத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

மிச்சம் இருப்பவை கழுவுகிற வேலை, சத்தம், அலமாரியில் பிடிக்கும் இடம், ஈரத்தைத் தாங்குமா என்பது. செலவையும் பார்க்க வேண்டும். பெட்டியில் போட்ட விலையோடு செலவு நிற்பதில்லை. பேட்டரி, உடைந்தால் கிடைக்காத உதிரி, அந்தக் கருவிக்கென்று தேடி வாங்க வேண்டிய மிளகு எல்லாம் பின்னால் வரும்.

| கருவி | நன்றாக வரும் பதம் | ஒரு தடவைக்கு ஏற்ற அளவு | மணம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| இடி உரல் | உடைத்தது முதல் கொரகொரப்பு வரை | அரை டீஸ்பூன் முதல் இரண்டு டேபிள்ஸ்பூன் | மிக நன்று | சத்தம், எடை, பழக்கும் வேலை |
| மிக்சி | நைஸ் பொடி, விழுது | 50 கிராமும் அதற்கு மேலும் | அரைத்த அன்று நன்று, பிறகு இறங்கும் | மிஞ்சும் பொடி மணம் இழப்பது |
| கை மில் | சன்னம் முதல் நடுத்தரக் கொரகொரப்பு | சில சிட்டிகை | மிக நன்று | நல்லதாக வாங்கினால் விலை, காய்ந்த சுத்தமான மிளகு |
| பேட்டரி மில் | சன்னம், நடுத்தரம் | சில சிட்டிகை | நன்று | பேட்டரி, மோட்டாரின் ஆயுள் |
| மூடியில் மில் உள்ள பாட்டில் | ஒரே பதம் | சில சிட்டிகை | நடுத்தரம் | மிளகுக்குக் கொடுக்கும் விலை |
| கடைப் பொடி | நைஸ் மட்டும் | எவ்வளவும் | குறைவு | கலப்படச் சந்தேகம் |

## இடி உரல்

தமிழ்ச் சமையலுக்கு மிளகு பொடிக்க ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். கல்லோ, பித்தளையோ, இரும்போ, எதுவானாலும் சரி.

ரசத்துக்குத் தட்டும்போது கவனித்துப் பாருங்கள். மிளகைப் போட்டு முதலில் நாலு குத்து, மிளகு இரண்டாக மூன்றாகப் பிளக்கும். அப்புறம் சீரகம். கடைசியில் தோலோடு பூண்டு. பூண்டின் ஈரத்தில் பொடி ஒட்டிக்கொண்டு பறக்காமல் நிற்கும். கையில் எடுத்தால் தூளும் இருக்கும், கால் மிளகும் இருக்கும், அரை மிளகும் இருக்கும். ரசத்துக்கு வேண்டியதே இந்த ஒழுங்கின்மைதான். தூள் கொதியில் கரைந்து காரத்தைக் கொடுக்கும், உடைந்த துண்டுகள் அடியில் தங்கிக் கடைசி வாய்வரை மணக்கும். எந்த மில்லும் இந்தக் கலவையைத் தராது. ஒரே அளவில் பொடிப்பதற்காகவே செய்யப்பட்டது மில். உரல் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

திப்பிலி, கண்டந்திப்பிலி, வால்மிளகு எல்லாவற்றுக்கும் உரல் ஒன்றுதான் கதி. திப்பிலி நீளமாக இருப்பதால் மில்லின் பல்லுக்குள் இறங்காது. வால்மிளகின் வால் சிக்கிக்கொள்ளும். சளி பிடித்த வீட்டில் கண்டந்திப்பிலி ரசம் வைப்பவர்களுக்கு மில் பாதி உதவிகூடச் செய்யாது.

வாங்கும்போது ஆழம் பாருங்கள். அகலமாக, ஆழம் குறைவாக இருக்கும் அழகான உரல்கள் படம் எடுக்கத்தான் லாயக்கு. குத்தும்போதெல்லாம் மிளகு தெறித்து அடுப்புக்கு அடியில் போய் உட்காரும். உள்ளங்கையை விரித்து வாயை மூடிக்கொண்டு, விரல் இடுக்கில் குழவியை விட்டு இடிக்க முடிகிற அளவுதான் சரியான வாய். உட்புறம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். கண்ணாடி போல வழுவழுப்பாக மெருகேற்றிய கல்லில் மிளகு வழுக்கி ஓடும். பித்தளையும் இரும்பும் வழவழப்பானவைதான், ஆனால் உலக்கையின் எடை அதை ஈடுகட்டிவிடும். இரும்பைக் கழுவியதும் துடைத்து வைக்க வேண்டும், விட்டால் துரு.

புதுக் கல் உரலைப் பழக்காமல் பயன்படுத்தக் கூடாது. ஊறிய அரிசியைப் போட்டு இடித்து, அரைத்து, கழுவி, மறுபடி அரிசி போட்டு, மாவில் சாம்பல் நிறம் தெரியாமல் போகும்வரை செய்ய வேண்டும். ஒரு மதியப் பொழுது போய்விடும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பித்தளைக்குப் போகலாம்.

உரலின் உண்மையான குறை சத்தம். அடுக்குமாடியில் காலை ஆறு மணிக்கு டங் டங் என்று இடித்தால் கீழ்வீட்டுக்காரர் முகத்தைப் படிக்கட்டில் பார்க்க முடியாது. அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டால் பாதி சத்தம் அடங்கும். இன்னொரு குறை, சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு முட்டை மேல் தூவ முடியாது. கை வலி உள்ளவர்களுக்குக் கனமும் ஒரு பிரச்சினை.

## மிக்சி

மொத்தமாகப் பொடிக்க மிக்சிதான். வெறும் வாணலியில் மிளகை லேசாகச் சூடு காட்டி, ஆறவிட்டு, சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டினால் 100 கிராம் மிளகு கண்மூடித் திறப்பதற்குள் பொடியாகிவிடும். மிளகுக் குழம்புக்கு விழுது, கறிக்கு மிளகு மசாலா, கொஞ்சம் பெரிய கூட்டத்துக்கு மிளகு வறுவல் எல்லாம் இதன் வேலை.

சின்ன அளவு கொடுத்தால் மிக்சி சொதப்பும். பிளேடு மூழ்கும் அளவுக்காவது மிளகு இருக்க வேண்டும். ஒரு ஸ்பூன் போட்டால் பாதி மிளகு ஜார் சுவரில் துள்ளிக்கொண்டே இருக்கும், மீதிப் பாதி மாவாகிவிடும். அதனால் என்ன நடக்கிறது என்றால், ஒரு ஸ்பூன் தேவைப்படும் இடத்தில் நாலு கைப்பிடி போட்டு அரைக்கிறோம், மிச்சத்தைப் பாட்டிலில் போட்டு வைக்கிறோம், நாள் செல்லச் செல்ல மணம் இல்லாத பொடியைச் சாப்பிடுகிறோம். மிக்சியின் மறைமுகச் செலவு அந்தப் பாட்டில்தான்.

அரைத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். தூள் அடங்கட்டும். இல்லாவிட்டால் தும்மி மாளாது.

## கையால் சுற்றும் மில்

இந்தக் கருவியின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று கார் கம்பெனியாக எல்லோருக்கும் தெரிந்த பிரான்சின் பெஜோ, கார் செய்வதற்கு முன்னால் ரம்பம், காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி எல்லாம் செய்துகொண்டிருந்தது. காப்பி மில் 1840-இல். மேசையில் வைக்கும் மிளகு மில் 1874-இல். அந்தப் பெயரில் மில்கள் இன்றும் விற்கின்றன.

உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. நடுவில் ஒரு தண்டு, அதன் அடியில் பல் வெட்டிய கூம்பு. கூம்பைச் சுற்றி, உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம் அசையாமல் நிற்கும். தலையைத் திருகினால் கூம்பு சுழலும். மேலே உள்ள பற்கள் பெரியவை, சுருளாகப் போகிறவை. மிளகை உள்ளே இழுத்து உடைப்பது அவை. கீழே உள்ள பற்கள் பொடியானவை, உடைந்ததைச் சீவித் தூளாக்கும். கூம்புக்கும் வளையத்துக்கும் இடைவெளி குறைந்தால் சன்னம், கூடினால் கொரகொரப்பு. 200 ரூபாய் மில்லுக்கும் 5,000 ரூபாய் மில்லுக்கும் வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. மரம் தேக்கா, அக்ரிலிக்கா, பளபளக்கும் ஸ்டீலா என்பதெல்லாம் மேல்பூச்சு.

பல் மூன்று வகையில் வரும். கடினமாக்கிய எஃகுப் பல் கூர்மையானது, மிளகை வெட்டும். மிளகுக்கு என்றே வாங்கினால் இதுதான் முதல் தேர்வு. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் என்பதால் தண்ணீர் காட்டக் கூடாது, உப்பும் போடக் கூடாது. செராமிக் பல் துருவே பிடிக்காது. ஆனால் எஃகைப் போல வெட்டாமல் நசுக்கும். கீழே போட்டாலோ மிளகில் கல் கிடந்தாலோ விளிம்பு தெறிக்கும். கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கும், அடுப்புக்குப் பக்கத்திலேயே மில்லை வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் செராமிக் பொருத்தம். மூன்றாவது பிளாஸ்டிக் பல். அதற்குக் காசு கொடுக்காதீர்கள், தேய்ந்துபோகும்.

பதத்தை மாற்றும் திருகு எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய பாணி மர மில்லில் தலை உச்சியில் ஒரு குமிழ் இருக்கும். இறுக்கினால் சன்னம், தளர்த்தினால் கொரகொரப்பு. சுற்றச் சுற்ற அது தானாகத் தளரும், மிளகு நிரப்பக் கழற்றும்போதெல்லாம் வைத்த பதம் போய்விடும். அடிப்பக்கத்தில் வளையமாகத் திருகு உள்ள மில்லில் இந்தத் தொல்லை இல்லை. எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். பார்க்க மர மில் அழகு என்பதை மறுக்கவில்லை.

இன்னொரு சில்லறைத் தொல்லை. பல் அடியில் இருக்கும் மில்லை எங்கே வைத்தாலும் அங்கே ஒரு கருப்பு வட்டம் விழும். சுற்றி முடித்த பிறகும் பல்லில் ஒட்டிய தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பல்லை மேலே வைத்து மூடி போட்ட மில்களும் உண்டு. தூவும்போது கவிழ்த்துப் பிடித்துச் சுற்ற வேண்டும், வைக்கும்போது நிமிர்த்திவிடலாம். மேசை விரிப்பைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அதைப் பார்க்கலாம். அல்லது மில்லுக்கு அடியில் ஒரு காப்பி டபராவை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் போதும்.

மில்லைவிட அதில் போடும் மிளகைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கும். சந்தையில் சில்லறையாக அளந்து வாங்கும் மிளகில் காம்பு, தூசி, சில சமயம் கல் எல்லாம் கிடக்கும். உரலில் போட்டால் கல் கையில் தட்டுப்படும், எடுத்துப் போட்டுவிடலாம். மில்லில் போனால் பல்லோடு மோதும். ஆகவே மில்லுக்குப் போகும் மிளகை முறத்தில் ஒருமுறை புடைத்து, பொறுக்கி, வெயிலில் காயவைத்து, ஆறியதும் நிரப்புங்கள். ஈர மிளகு உடையாமல் நசுங்கிப் பல்லில் அப்பிக்கொள்ளும். கொல்லிமலையிலோ தாண்டிக்குடியிலோ தோட்டத்தில் நேராக வாங்கிவரும் புது மிளகுக்கு இது கட்டாயம்.

மிளகின் பருமனும் கணக்கில் உண்டு. தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு என்று விற்கும் தரம் 4.25 மில்லிமீட்டருக்கு மேல் பருமன் உள்ளது. ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு 4.75 மில்லிமீட்டருக்கு மேல். குட்டி மில்லின் வாயில் இந்தப் பெரிய மிளகு இறங்காமல் பாலம் கட்டி நின்றுவிடும். தட்டினால் விழும், மறுபடி நிற்கும். கையடக்க மில் வாங்கினால் நடுத்தர மிளகே போதும், பெரியதற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. பல வண்ண மிளகு என்று விற்கும் கலவையில் உள்ள இளஞ்சிவப்பு மணிகள் உண்மையில் மிளகே அல்ல, வேறு மரத்தின் பழம். மென்மையானவை, எண்ணெய்ப் பசை உள்ளவை. அவற்றை மட்டும் தனியாக நிரப்பினால் மில் அடைத்துக்கொள்ளும்.

கொதிக்கும் குழம்புக்கு நேர் மேலே பிடித்துச் சுற்றாதீர்கள். ஆவி பல்லுக்குள் ஏறும், தூள் கெட்டிப்படும், பிறகு பார்த்தால் மில் சுற்றவே மறுக்கும். உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு அதைக் குழம்பில் போடுங்கள். அடைத்துவிட்டால் தண்ணீரில் கழுவ வேண்டாம். காய்ந்த பச்சரிசி கொஞ்சம் போட்டுச் சுற்றி, பழைய டூத் பிரஷால் பல்லைத் துடைத்தால் சரியாகிவிடும்.

ஜோடியாக உப்பு மில்லும் சேர்த்து விற்பார்கள். அதை வாங்காமல் விடலாம். மிளகை அப்போதைக்கப்போது பொடிப்பது மணத்துக்காக. உப்பில் ஆவியாகிப் போக மணம் ஏது? நம்மூர்க் கல்லுப்பில் ஈரமும் இருக்கும், மில்லை இரண்டே மாதத்தில் பாழாக்கிவிடும்.

சரி, மில்லில் ரசத்துக்குப் பொடிக்கவே முடியாதா? முடியும். ஒரு டீஸ்பூன் சேர வெகு நேரம் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒருவருக்கு மட்டும் சமைக்கும்போது அது பரவாயில்லை. குடும்பத்துக்கு என்றால் இரண்டாவது நாளே உரலைத் தேடிப் போவீர்கள்.

## பேட்டரி மில்

ஒரு கையில் பிடித்து அழுத்தினால் போதும், அல்லது சாய்த்தாலே ஓடும். இன்னொரு கை மாவாகவோ முட்டையாகவோ இருக்கும்போது இது எவ்வளவு வசதி என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். மூட்டுவலியால் திருக முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தயங்காமல் வாங்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை ஆடம்பரம் என்று ஒதுக்க மாட்டேன்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது, வேண்டாம். உள்ளே பல் ஏற்பாடு கை மில்லில் உள்ளதுதான், பெரும்பாலும் செராமிக். அதோடு ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரம், ஸ்விட்ச், அடியில் ஒரு விளக்கு. கெட்டுப்போக இத்தனை இடம். நாலோ ஆறோ சின்ன பேட்டரி கேட்கும் மாதிரிகளில், கொஞ்ச நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். சார்ஜ் செய்யும் மாதிரி என்றால் உள்ளே உள்ள பேட்டரி தளர்ந்ததும் மில்லையே தூக்கிப் போட வேண்டியதாகிவிடும். சாய்த்தால் ஓடும் மாதிரியை டிராயரில் படுக்கவைத்தால் அங்கேயே ஓடத் தொடங்கும். தூளும் பேட்டரியும் ஒன்றாகத் தீரும். வாங்குவது என்று முடிவு செய்தால் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும் வகையாகப் பாருங்கள்.

## மூடியிலேயே மில் உள்ள பாட்டில்

சூப்பர் மார்க்கெட்டில் மிளகு நிரப்பியே விற்கும் கண்ணாடி பாட்டில் இது. மலிவாகத் தெரியும். பாட்டிலில் உள்ள எடையைப் பாருங்கள், 40 அல்லது 50 கிராம் இருக்கும். பக்கத்து வரிசையில் விற்கும் முழு மிளகின் கிலோ விலையோடு ஒரு கணக்குப் போட்டால் மலிவா இல்லையா என்பது தெரிந்துவிடும். மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக் பல், கழற்ற வராது, பதம் மாற்றவும் முடியாது. தீர்ந்தால் குப்பை.

ஆனாலும் இதற்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது. மேசையில் மில் வைத்துச் சுற்றும் பழக்கம் உங்கள் வீட்டில் ஒட்டுமா என்று பார்க்க இதைவிடக் குறைந்த செலவில் வழி இல்லை. ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டால் தைரியமாக நல்ல மில்லுக்குப் பணம் போடலாம். பாதியிலேயே தூசி படிந்து நின்றால் ஆயிரக்கணக்கில் மிச்சம்.

## கடைப் பொடி

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயணத்துக்கு, விடுதி அறைக்கு, கூட்டமாகச் சமைக்கும் இடத்துக்குச் சரி. மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய மோசடி. முழு மிளகில் என்றால், சுருங்கி, முட்டை வடிவில், பச்சை கலந்த பழுப்பாக இருக்கும் விதையைக் கண்ணாலேயே பொறுக்கிவிடலாம். பொடியாக வந்த பிறகு யார் கண்டார்?

## யாருக்கு எது

தினமும் ரசம், வாரம் ஒருநாள் பொங்கல், எப்போதாவது ஆம்லெட் என்று போகும் வீட்டுக்கு உரலும் மிக்சியும் போதும். மில் வாங்கினால் அது கண்ணாடி அலமாரியில் நிற்கும். முட்டை, சூப், சாலட், வெள்ளரி, கொய்யா, அன்னாசித் துண்டு என்று மேலே தூவிச் சாப்பிடும் வீட்டுக்குக் கை மில் ஒன்று அவசியம் என்றே சொல்வேன். அங்கே விலையில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம், எஃகுப் பல்லாக வாங்குங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போலக் கடல் காற்று வீசும் ஊர் என்றால் செராமிக்.

தனியாக வாடகை அறையில் இருப்பவர் நிலைமை வேறு. உரல் வைக்க இடமில்லை, இடித்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், ஒரு ஆளுக்கு மிக்சி போடவும் முடியாது. அவருக்கு ஒரே மில் ரசம் முதல் முட்டை வரை எல்லாவற்றுக்கும் உதவும். வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இதுதான். கல் உரலைப் பெட்டியில் வைத்து விமான எடையைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். ஒன்றிரண்டாக உடைத்த மிளகு வேண்டியபோது, பிளாஸ்டிக் பையில் மிளகைப் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டு தட்டினால் ஆயிற்று.

அசைவம் அதிகம் சமைக்கும் பெரிய குடும்பம் என்றால் மிக்சியே முதலில். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வையுங்கள். இறக்கும்போது மேலே போட உரலில் தட்டியது ஒரு ஸ்பூன் இருந்தால் மிளகுக் கோழியின் மணமே வேறு.

## வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

கடையில் என்றால் காலி மில்லைச் சுற்றிப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது, எல்லாமே நன்றாகத்தான் சுற்றும். பையில் பத்து மிளகு கொண்டுபோங்கள். அதோடு, பல்லைப் பிரித்துக் காட்டச் சொல்லி எஃகா, செராமிக்கா என்று கேளுங்கள். பதில் தெரியாத கடைக்காரர் என்றால் பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆன்லைனில் வாங்கியது என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வெள்ளைத் தாளின் மேல் இரண்டு தடவை சுற்றிப் பாருங்கள். ஒரு தடவை திருகை முழுக்க இறுக்கி, ஒரு தடவை முழுக்கத் தளர்த்தி. இரண்டு குவியலும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிய வேண்டும். சன்னத்தில் அரை மிளகு கலந்து விழுந்தாலோ, கொரகொரப்பில் தூள்தான் அதிகம் வந்தாலோ, இரண்டு குவியலும் ஒன்று போல இருந்தாலோ பெட்டியைக் கிழிக்காமல் எடுத்து வைத்திருங்கள், அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.